புதுப்பிப்பு: சிம்லிங்கில் 'யூசர்' பண்பு ஏற மறுத்ததன் காரணம்

ஒரு சிம்லிங்கின் (வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பின்) மீதே குறிச்சொல்லை நீட்டிப்புப் பண்பாக, அதாவது கோப்போடு ஒட்டிவைக்கும் கூடுதல் தகவலாகப் பதிய முயன்றபோது, முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக இருந்தும் லினக்ஸ் 'அனுமதி இல்லை' என்று மறுத்ததை முன்பு எழுதியிருந்தேன். வட்டில் பிழை என்ற என் ஊகம் தவறு. இது இயங்குதளத்தின் மையமான கர்னல் வேண்டுமென்றே விதித்த தடை. நான் பதிய முயன்ற 'யூசர்' பெயர்வெளியில் (பண்புகளின் வகைகளுள் ஒன்றில்) யார் எழுதலாம் என்பதைக் கோப்பின் அனுமதி பிட்டுகளே (யார் படிக்கலாம், எழுதலாம் என்னும் குறிகளே) தீர்மானிக்கின்றன. சிம்லிங்கின் பிட்டுகளோ 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) என்று காட்டப்படுகின்றனவே தவிர அணுகலைக் கட்டுப்படுத்துவதில்லை என்பதால், தடை இல்லாவிட்டால் எவரும் பிறருடைய இணைப்பில் எழுதி, வட்டு ஒதுக்கீட்டுக்கு (பயனருக்கு விதித்த இட வரம்புக்கு) அடங்காமல் இடத்தை நிரப்பிவிட முடியும். ரூட்டுக்கு மட்டுமான 'டிரஸ்டட்' பெயர்வெளிக்கு இத்தடை இல்லை. இணைப்பைப் பின்தொடராதே என்னும் விருப்பத்துடன் ரூட்டாகப் பதிந்தேன், ஏறியது. உரிமையாளரையும் நேரமுத்திரையையும்கூட இணைப்புக்குத் தனியாக மாற்றலாம். இணைப்பின் அனுமதி பிட்டுகளைத் தனியாக மாற்றும் வசதி ஃப்ரீபிஎஸ்டி, மேக்ஓஎஸ் ஆகிய வேறு இயங்குதளங்களில் உண்டு.