மூன்று முறை கரு தங்கவில்லை. இன்ட்ராலிப்பிட் ஏற்றிக்கொண்டவர்கள் இருக்கிறீர்களா?

தோழிகளே, எனக்கு வயது 36. ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய்) சிகிச்சையில் ஐந்தாம் நாள் கருவை மூன்று முறை கர்ப்பப்பையில் வைத்தும் தங்கவில்லை. ரத்தத்தில் என்.கே. செல்கள் (நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகை) அதிகம் என்கிறார் மருத்துவர். அவற்றை அடக்க அடுத்த முறை இன்ட்ராலிப்பிட் டிரிப்பும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் வேண்டுமாம். இன்ட்ராலிப்பிட் வேறொன்றுமில்லை, சோயா எண்ணெயும் முட்டைக் கொழுப்பும் கலந்த பால் போன்ற திரவம்; வாயால் சாப்பிட முடியாத நோயாளிகளுக்கு ஏற்றுவது.

குழப்பம் இதுதான். ரத்தத்தில் ஓடும் என்.கே. செல்லும் கர்ப்பப்பைச் சுவரில் இருப்பதும் ஒரே குணம் கொண்டவை அல்ல. கையில் எடுத்த ரத்தம் உள்ளே நடப்பதை எப்படிச் சொல்லும்? கரு தங்காத 715 பெண்களிடம் சீனாவில் அதே வகை ஸ்டீராய்டான பிரெட்னிசோனைச் சோதித்து 2023இல் வெளியிட்டார்கள். குழந்தைப் பிறப்பு கூடவில்லை. மருத்துவரிடம் கேட்டால் "செய்துதான் பார்ப்போமே" என்கிறார். பணமும் உடம்பும் என்னுடையவை ஆயிற்றே!

ஏற்றிக்கொண்டவர்கள், மறுத்தவர்கள் இரு தரப்பும் எழுதுங்கள். அதற்கு முன் ஆன்டிபாஸ்போலிப்பிட் (ரத்தம் உறையச் செய்யும் எதிர்ப்பொருள்) பரிசோதனை, தைராய்டு, ஹிஸ்டெரோஸ்கோப்பி (கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) எல்லாம் பார்த்தார்களா? மாத்திரையால் சர்க்கரை ஏறியதா, தூக்கம் போனதா? வேறு மருத்துவரிடம் இரண்டாம் கருத்து கேட்டவர்கள் என்ன கேள்விகளைக் கொண்டு போனீர்கள்? விரத யோசனைகள் மட்டும் வேண்டாம். அவற்றுக்கு வீட்டில் மாமியார் இருக்கிறார். அடுத்த வாரத்துக்குள் நான் முடிவு சொல்ல வேண்டும்.