ஈராசிரியர் பள்ளியில் இந்த இரண்டு பிள்ளைகளை எப்படிக் கவனிப்பது?

மலையடிவாரம்:
வணக்கம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியையாக இருக்கிறேன். ஐந்து வகுப்பும் சேர்த்து இருபத்துச் சொச்சம் பிள்ளைகள், ஹெச்.எம். ஒருவர், நான் ஒருத்தி. அவர் கூட்டம், பயிற்சி என்று கிளம்பிவிட்டால் மொத்தப் பள்ளியும் என் தலையில்தான்.

இரண்டு பிள்ளைகளைப் பற்றிக் கேட்க வேண்டும். ஒருவன் இரண்டாம் வகுப்பு. பேச்சு இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பெரும்பாலும் திரும்ப மாட்டான், ஆனால் பிஸ்கட் கவர் பிரிக்கிற சத்தம் எந்த மூலையில் கேட்டாலும் வந்து நிற்பான். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவான், பள்ளிக்குப் பின்னால் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு ஒன்று இருப்பதால் ஒவ்வொரு முறையும் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. காலை உணவில் உப்புமா என்றால் சாப்பிடுவான், பொங்கல் போட்ட அன்று தட்டையே தள்ளிவிடுவான்.

இன்னொருத்தி மூன்றாம் வகுப்பு. வாய்க்கணக்கில் கெட்டிக்காரி. கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறை சரியாக எண்ணி வாங்கி வருவாள், கதை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்வாள். புத்தகத்தைத் திறந்தால் 'மரம்', 'படம்' வரை வருகிறது, 'கொடி' என்று வந்தால் அங்கேயே நிற்கிறாள். எண்ணும் எழுத்தும் (அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் அரசுத் திட்டம்) வகுப்பில் தொடக்க நிலையான அரும்புக் குழுவில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைத்ததிலிருந்து நோட்டைக் கையால் மறைத்துக்கொள்கிறாள்.

இருவரையும் எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடு) சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளாகப் பதிய வேண்டுமா என்று கேட்டேன். "எமிஸில் ஏற்றினால் வீட்டிலிருந்து சண்டைக்கு வருவார்கள், விடுங்கள் டீச்சர்" என்கிறார் ஹெச்.எம். ஏற்றலாமா, வேண்டாமா? ஏற்றினால் என்ன கிடைக்கும்? அதுவரை வகுப்பில் நான் என்ன செய்வது?

வளமையத்து ஆள்:
டீச்சர், நான் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர். ஏற்றுங்கள். எமிஸில் அந்தப் பட்டியலில் பெயர் இல்லாத பிள்ளை எங்கள் கணக்கிலேயே வராது, மருத்துவ மதிப்பீட்டு முகாமுக்கு அழைப்பு போகாது, இயன்முறை மருத்துவரோ உதவி உபகரணமோ எதுவும் வராது. நலம் நாடி செயலியில் கேள்விகளுக்குப் பதில் போடுவது வெறும் முதல்கட்ட வடிகட்டல்தான், அதை வைத்து யாரும் பிள்ளைக்கு முத்திரை குத்த முடியாது. சான்று தருவது மருத்துவர் குழு. வீட்டில் அப்படியே சொல்லுங்கள், "உங்க பையனுக்கு ஊனம்" என்று தொடங்காமல் "டாக்டர் ஒருமுறை பார்க்கட்டும்" என்று தொடங்குங்கள்.

பையனுக்கு முதலில் காது பரிசோதனை. பிஸ்கட் கவர் சத்தம் கேட்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், சில ஒலிகள் கேட்டு சில ஒலிகள் கேட்காத பிள்ளைகள் உண்டு, ஒரு காதில் சீழ் வடிந்துகொண்டே இருந்தாலும் பேச்சு தள்ளிப்போகும். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் இவனைத் தனியாகக் காட்டி, சிறு பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாட்டைப் பார்க்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரைச் சீட்டு கேளுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஆட்டிசமாக இருக்கலாம் என்று தோன்றுகிறது, ஆனால் அதைச் சொல்ல வேண்டியது நானோ நீங்களோ இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் உண்டு, கற்றல் குறைபாடும் உண்டு. அறிவுசார் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று வந்தால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். எனக்கு ஒன்றியத்தில் கை கொள்ளாத அளவு பள்ளிகள், வாராவாரம் உங்கள் பள்ளிக்கு வர முடியாது. அதனால் என் மாதிரி ஆள் வரும் அன்று பையனை வராந்தாவில் எங்களோடு விட்டுவிட்டு நீங்கள் எமிஸ் வேலைக்குப் போய்விடாதீர்கள், கூடவே உட்காருங்கள். மிச்ச நாளெல்லாம் அவனோடு இருக்கப்போவது நீங்கள்தான்.

நேர்பேச்சு:
நான் சொன்னால் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். இரண்டு ஆசிரியர் வைத்து ஐந்து வகுப்பு நடத்துவதே பெரிய பாடு, இதில் ஓடுகிற பையனைப் பிடிக்க ஒருவர் போய்விட்டால் மற்ற பிள்ளைகளுக்கு யார் பாடம் எடுப்பது? சிறப்புப் பள்ளியில் சேர்ப்பதுதான் அவனுக்கும் நல்லது.

கருவேலங்காடு:
நேர்பேச்சு சார், நான் அப்படி ஒரு பையனின் அம்மா. எங்களுக்கு மிக அருகில் இருந்த சிறப்புப் பள்ளி மாவட்டத் தலைநகரில், போய்வர முடியாத தூரம், விடுதியில்தான் விட வேண்டும். ஆறு வயதுப் பிள்ளை, பசிக்கிறது என்று சொல்லக்கூட வாய் வராதவன், அவனை விடுதியில் விட்டுவிட்டு நான் எப்படி வீட்டில் தூங்குவது? பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை 6 முதல் 18 வயது வரை பிள்ளைக்கு உண்டு என்று சட்டமே சொல்கிறது. சிறப்புப் பள்ளி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தள்ளிவிடுகிற இடமாக அது இருக்கக் கூடாது.

டீச்சர், மணி விஷயத்துக்கு எங்கள் ஊர் ஆயாம்மா ஒரு வழி செய்தார். அடிப்பதற்கு முன்னால் என் மகனைக் கூப்பிட்டு, சுத்தியலை அவன் கையில் கொடுத்து, கூடவே தானும் பிடித்துக்கொண்டு அடிப்பார். சத்தம் எப்போது வரும் என்று தெரிந்துவிட்டதால் பயம் குறைந்தது. அப்புறம் சுவரில் அவன் கண் உயரத்துக்கு வரிசையாகப் படம் ஒட்டினோம்: தட்டு, புத்தகம், பந்து, தட்டு, வீடு. ஒன்று முடிந்தால் அதைத் திருப்பிவிடுவான். அடுத்து என்ன என்று தெரியாததுதான் அவனை ஓட வைத்தது என்று அப்புறம்தான் புரிந்தது. சாப்பாட்டில் கட்டாயப்படுத்தாதீர்கள். பொங்கல் அன்று ஒரு ஓரமாக ஒரு கரண்டி வைத்தால் போதும், கூடவே அவன் சாப்பிடுகிற ஏதாவது ஒன்று வீட்டிலிருந்து வரட்டும்.

கிணறு உங்கள் தனிக் கவலை இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு ஊராட்சிக்கு அனுப்புங்கள், வேலி வரும் வரை கேட்டுக்குக் கொக்கி.

பழைய கரும்பலகை:
பணி ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியன். பையனைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டார்கள், நான் அந்தப் பெண்ணுக்கு வருகிறேன்.

'மரம்' வருகிறது, 'கொடி' வரவில்லை என்கிறீர்கள். நம் எழுத்தில் 'கெ', 'கே', 'கை' மூன்றிலும் குறி முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். 'கொ', 'கோ' என்றால் இரண்டு பக்கமும் குறி. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிக்கிற பிள்ளை அங்கேதான் தடுக்கி விழும். நாங்கள் அட்டையில் கொம்பைச் சிவப்பிலும் எழுத்தைக் கறுப்பிலும் எழுதி, இரண்டையும் ஒரே அட்டையாக, பிரிக்காமல் காட்டுவோம். முதலில் குறி முன்னால் வராத சொற்களாகவே ஒரு குட்டிப் புத்தகம்: பாட்டி, மாடு, தாத்தா, பூ, கிளி. அது சரளமாக வந்த பிறகு ஒரே ஒரு கொம்பு, அதையே ஒரு வாரம். 247 எழுத்தையும் வரிசையாக எழுத வைப்பதால் இந்தப் பிள்ளைக்கு ஒரு பயனும் இல்லை.

அவள் சொல்கிற கதையை நீங்கள் எழுதிக் கொடுங்கள், அவள் வாயிலிருந்து வந்த வாக்கியம் என்பதால் ஊகித்தாவது படிப்பாள். கணக்கில் மூன்றாம் வகுப்பு நிலையான மலர்க் குழுவில் உட்கார வையுங்கள், எழுதப் படிக்க மட்டும் தனியாகப் பதினைந்து நிமிடம். எல்லாப் பாடத்துக்கும் அரும்பில் போட்டால் அவள் நோட்டை மறைக்கத்தான் செய்வாள். கண்ணையும் பார்த்துவிடுங்கள். பாடம் நடக்கும்போது சில நொடி பேச்சு மூச்சு இல்லாமல் வெறித்துப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாளா என்றும் கவனியுங்கள், அது கவனக்குறைவாக இல்லாமல் வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம்.

கற்றல் குறைபாட்டுக்கான சோதனை மூன்றாம் வகுப்பு அல்லது எட்டு வயது அளவில்தான் தொடங்கும், ஆகவே இது சரியான நேரம். சான்று இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுத ஆளும் கேட்கலாம். அது தெரியாமலே எத்தனையோ பிள்ளைகள் எட்டாவதோடு நின்றுவிடுகிறார்கள்.

மலையடிவாரம்:
எல்லோருக்கும் நன்றி. ஹெச்.எம்.மிடம் பேசினேன், "சரி, ஏற்றுங்கள், வீட்டில் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்" என்றார். இன்னொரு சிக்கல்: பையனின் அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை, இங்கே பாட்டியோடுதான் இருக்கிறான். முகாமுக்குப் பாட்டி கூட்டிப் போனால் போதுமா?

வளமையத்து ஆள்:
முகாமுக்குப் பாட்டி போதும், ஆனால் சின்ன வயதில் எப்போது நடந்தான், காய்ச்சலில் ஜன்னி வந்ததா, பிறந்ததும் அழுதானா என்றெல்லாம் மருத்துவர் கேட்பார், அதை அம்மாவிடம் போனில் கேட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பையனின் ஆதார், ரேஷன் அட்டை நகல், போட்டோ கையில் இருக்கட்டும், யு.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டைக்கும் அவைதான் வேண்டும். ஆதார் இல்லையென்றால் இப்போதே எடுங்கள், கடைசி நேரத்தில் பாதிப் பிள்ளைகள் அதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பெற்றோர் கையெழுத்து தேவைப்படுகிற தாள்களைச் சேர்த்து வையுங்கள், பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் காணும் பொங்கல் முடிந்ததுமே பஸ் ஏறிவிடுவார்கள்.