பிடி அரிசியில வளந்த பள்ளிக்கூடம்: எங்க ஊர் கேவிஎஸ்

எல்லாரும் அவங்கவங்க ஊர் பள்ளிக்கூடம் ஆரம்பிச்ச கதைய எழுதுறீங்க, படிக்கப் படிக்க ஆசையா இருந்துச்சு, அதான் நானும் வந்துட்டேன். எங்களுது விருதுநகர் கேவிஎஸ், முழுப்பேரு சத்திரிய வித்தியாசாலா. 1889ல ஆரம்பிச்சது. அப்ப ஊர் பேரே விருதுபட்டி, விருதுநகர்னு மாத்துனது 1923ல தான்.

எனக்கு இந்தக் கதை புக்குல படிச்சுத் தெரியல, அம்மாச்சி வீட்டு அடுப்படில தெரிஞ்சுச்சு. லீவுக்குப் போனா காலைல அது சமைக்கிறதப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன். ஆழாக்குல அரிசிய அளந்து சட்டில போடும், களையுறதுக்கு முன்னாடி கைய விட்டு ஒரு பிடி அள்ளி, அடுப்புத் திட்டு ஓரத்துல இருக்க மண் கலயத்துல போட்டு தட்டால மூடிரும். தினமும் இதே தான். ஒருநாள் கேட்டுட்டேன், "அளந்தத ஏன் அம்மாச்சி திரும்ப எடுக்குற, மொதல்லயே கொறச்சு அளக்கலாம்ல?"ன்னு. "கொறச்சு அளந்தா அது மிச்சம் பிடிக்கிறதுடா, நம்ம சோத்துல இருந்து எடுத்தாத் தான் குடுக்குறது. இது பள்ளிக்கூடத்து அரிசி"ன்னுச்சு.

அதுக்கு அவங்க அம்மா சொல்லிக் குடுத்த பழக்கம் அது. அந்தக் காலத்துல ஊர்ல வீட்டுக்கு வீடு இப்படி பிடி அரிசி எடுத்து வச்சு, சேந்தத வாங்கிட்டுப் போயி வித்து, அந்தக் காசுல பள்ளிக்கூடத்த நடத்துனாங்க. அம்மாச்சி காலத்துல வாங்க யாரும் வரல, ஆனாலும் அது நிறுத்தல, கலயம் நெறஞ்சா மாரியம்மன் கோயில் அன்னதானத்துக்கு குடுத்துரும்.

இன்னொரு பக்கம் மகமை. பத்தாவது லீவுல மாமாவோட வத்தல் மண்டில சிட்டை எழுதுனேன், மூட்டைக்கு இவ்வளவு, கமிஷன் இவ்வளவு, கூலி இவ்வளவுன்னு எழுதி கடைசில மகமைன்னு ஒரு சின்ன தொகை வரும். இது யாருக்கு மாமான்னு கேட்டா "ஊருக்கு"ன்னாரு, அவ்வளவு தான் பதில். நாடார் சமூகத்தோட ஊர்ச் சங்கமான உறவின்முறைல யாவாரிகள் சரக்குக்கு இவ்வளவுன்னு எடுத்து வச்ச அந்த மகமைப் பணம் தான் கேவிஎஸ்க்கு அஸ்திவாரம். ஆம்பளைங்க கடைல மகமை எடுத்தாங்க, பொம்பளைங்க அடுப்படில பிடி அரிசி எடுத்தாங்க. எங்க போனாலும் மகமையப் பத்தி மட்டும் தான் பேசுறாங்க, எனக்கு அது வருத்தம், அந்தக் கலயத்துக்கும் கல்வெட்டுல ஒரு வரி இருக்கணும்.

எந்தக் காலத்துல இதச் செஞ்சாங்கன்னு பாருங்க. அப்ப நாடார்கள கோயிலுக்குள்ள விட மாட்டாங்க. 1897ல கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள்ள போனதுக்கு அவங்க மேல கேஸ் போட்டு, அது அப்ப கடைசி மேல்முறையீட்டு கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போயி 1908ல நாடார்கள் தோத்தே போனாங்க. நாங்களும் சத்திரியர் தான்னு சொல்லிக்கிட்டு பள்ளிக்கூடத்துக்கு சத்திரியன்னு பேரு வச்சதுல எவ்வளவு வலி இருக்குன்னு அப்பத் தான் புரியுது. ஆனா அப்படி வெளிய நிறுத்துனவங்க கட்டுன பள்ளிக்கூடத்துல எல்லா சாதிப் பிள்ளைகளுக்கும் கதவத் தொறந்து வச்சாங்க, எங்க ஊரப் பத்தி நான் ரொம்பப் பெருமைப்படுறது இதுக்குத் தான்.

1903ல பொறந்த காமராஜர் படிச்சதும் இங்க தான், திண்ணைப் பள்ளிக்கூடம், ஏனாதி நாயனார் வித்தியாசாலைன்னு போயிட்டு அப்புறம் கேவிஎஸ். சின்ன வயசுலயே அப்பா தவறிட்டாரு, ஃபீஸ் கட்டணும்னா அந்த வீட்டுல முடிஞ்சிருக்காது, இது இலவசம். அப்படியும் ஆறாவதோட நின்னு மாமாவோட ஜவுளிக்கடைக்குப் போயிட்டாரு. 1954ல முதலமைச்சரானவரு 1956ல மதிய உணவ ஆரம்பிச்சப்ப சர்க்கார் பணத்தோட ஊர்க்காரங்க பங்கும் சேத்து தான் நடத்துனாங்க, அதக் கேக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கலயம் தான் ஞாபகம் வரும்.

அம்மாச்சி போனப்புறம் பாத்திரமெல்லாம் பிரிச்சாங்க, நான் கலயத்த மட்டும் எடுத்துட்டு வந்தேன், வாய்ல ஒரு ஓரம் சில்லு போயிருக்கு. இப்ப குக்கர்ல வைக்கிறது ரெண்டு டம்ளர் அரிசி தான், அதுலயும் என் பொண்ணு ஒரு பிடி எடுத்துப் போடுவா. மாசத்துக்கு ஒன்றரை கிலோ கிட்ட சேருது, பக்கத்துல இருக்க மாணவர் விடுதில குடுத்துட்டு வர்றோம். ஒரு வீட்டுக்கே இவ்வளவுன்னா தெருத்தெருவா எடுத்தப்ப எவ்வளவு சேந்திருக்கும்.

விருதுநகர்க்காரங்க யாராவது இருந்தா வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு எழுதுங்க, அரிசி வாங்க வந்தவங்கள அவங்க பாத்திருக்காங்களா, எந்தக் கிழமை வருவாங்க, எதுல அளந்து வாங்கிட்டுப் போவாங்கன்னு.