கொடைக்கானல் ஏரி: நம்ம ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து போய் வந்தவர்கள் சொல்வது

பாம்பன்காரர்:
விசைப்படகு வைத்திருப்பவர்களுக்குக் குடும்பத்தோடு வெளியூர் போக வாய்ப்பது மீன்பிடித் தடைக்காலத்தில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கொடைக்கானல் சீசனும் அதே நேரம் என்பதால் கூட்டத்துக்குத் தப்ப வழியில்லை. 2024 மே முதல் இ-பாஸும் வேண்டும், போனிலேயே எடுத்துவிடலாம்.

ஏரியைப் பார்த்ததும் என் மச்சான், "இம்புட்டுத்தானா?" என்றான். தனுஷ்கோடியில் இரண்டு பக்கமும் கடலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு 60 ஏக்கர் தண்ணீர் எம்மாத்திரம்! ஆனால் அது நட்சத்திர வடிவ ஏரி. மேடுகளுக்கு நடுவே கை கையாகப் பிரிந்து போவதால், எந்த இடத்தில் நின்றாலும் ஒரு பகுதி மறைந்துதான் இருக்கும். சுற்றிவர சுமார் 5 கிலோமீட்டர் சாலை. பாதி தூரம் நடந்த பிறகு மச்சான் பேச்சைக் குறைத்துக்கொண்டான்.

துடுப்புப் படகில் ஏறினோம். கடலில் போடாத லைஃப் ஜாக்கெட்டை அங்கே மாட்டிவிட்டார்கள், அது வேறு கதை. நமக்கு வாடை, கச்சான் என்று காற்றுக்கு ஒரு திசை உண்டு. அங்கே மேட்டில் மோதித் திரும்பும் காற்று ஏரியின் ஒரு கையில் ஒரு மாதிரியும் அடுத்த கையில் வேறு மாதிரியும் அடிக்கிறது. நீரோட்டமே தெரியவில்லை. துடுப்பை நிறுத்தினால் படகும் நிற்கிறது. பாம்பன் கால்வாயில் அப்படி நிறுத்திப் பாருங்கள், பாலத்துக்கு அந்தப் பக்கம் கிடப்பீர்கள்! உதட்டில் உப்பு இல்லை, கையில் பிசுபிசுப்பு இல்லை. படகில் சும்மா உட்கார்ந்திருப்பதும் ஒரு சுகம் என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது.

கீழக்கரைக்காரர்:
அது இயற்கையாக அமைந்த ஏரி இல்லை. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863இல் கரை கட்டித் தண்ணீரைத் தேக்கினார். முதல் படகு தூத்துக்குடியிலிருந்து போயிருக்கிறது, நம்ம மன்னார் வளைகுடாப் படகு! மோட்டார் சாலை இல்லாத காலத்தில் அதை எப்படித்தான் மேலே ஏற்றினார்களோ. படகுக் குழாம் 1890இல் வந்தது. ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் மலைப்பாதையில் எல்லோரும் வண்டியை நிறுத்திப் பார்க்கும் வெள்ளி அருவியாக விழுகிறது.

என்னைக் கேட்டால் மே மாதத்தில் படகு வரிசையில் நிற்பது வீண். விடிந்ததும் வாடகை சைக்கிள் எடுத்து ஒரு சுற்று வந்துவிடுங்கள். பிள்ளைகளுக்குக் குதிரை சவாரி போதும். பெரியவர்களைக் கூட்டிப் போனால் ஸ்வெட்டர் கட்டாயம். ஏரி இருப்பது சுமார் 2,285 மீட்டர் உயரத்தில். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் குறையும் என்பார்கள், அந்தக் கணக்கில் நம்ம ஊரைவிடப் பதினான்கு பதினைந்து டிகிரி குறைவு. எங்கள் அத்தை அங்கே இருந்தவரை போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுக்கவே இல்லை.

தொண்டிக்காரர்:
கூட்டம் பிடிக்காதவர்கள் பேரிஜம் ஏரிக்குப் போகலாம். கொடைக்கானலிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல், காட்டுக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதி வேண்டும், குறிப்பிட்ட அளவு வண்டிகளைத்தான் விடுவார்கள். படகு கிடையாது, கடை கிடையாது. பெரியகுளத்துக்குக் குடிநீர் போகும் ஏரி என்பதால் தண்ணீரில் காலை நனைக்கிற ஆசையையும் விட்டுவிடுங்கள். எனக்கு அதுதான் பிடித்தது. பழனி மலையின் தெற்குச் சரிவில் இறங்கும் வராக நதியும் மஞ்சளாறும் வைகையில் சேருகின்றன. வைகைத் தண்ணீர் வந்தால்தான் ராமநாதபுரம் பெரிய கண்மாய் நிறையும். அதனால் அந்த மலையில் மழை என்றால் எனக்கும் கொஞ்சம் சந்தோஷம்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு நம்ம காரங்காடு இருக்கிறதே. அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறைப் படகில் போகலாம், துடுப்புப் போடத் தெரிந்தால் கயாக்கும் உண்டு. குளிர் மட்டும் கேட்காதீர்கள்.

பாம்பன்காரர்:
காரங்காட்டுக்கு எந்த மாதமும் போகலாம் சரி, மச்சான் ஸ்வெட்டர் போட்டு போட்டோ எடுக்க வேண்டும் என்கிறானே! நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடைக்காலம் இல்லை, அவர்கள் மே மாதத்தை விட்டுவிட்டு ஜூலை, ஆகஸ்டில் கிளம்பலாம். சாரல் இருக்கும், அறை வாடகை குறையும். பேரிஜம் அனுமதிக்கு முதல் நாளே கேட்டு வைக்க வேண்டுமா என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.