சபை இணையதளத்தில் பாமினி பிடிஎஃப்: இப்படியா புல்லட்டின் போடுவது?

ஒலிமுகம்: "ஞாயிறு ஆராதனை அறிவிப்புத் தாளான புல்லட்டினை பேஜ்மேக்கர் மென்பொருளில் அடித்த பாமினி பிடிஎஃப்பாகவே ஏற்றினால் போதும், யூனிகோடு வெட்டி வேலை" என்று பக்கத்து இழையில் தேரிக்காடு எழுதியிருக்கிறார். சபைத் தளம் நடத்துகிறவர் பேசுகிற பேச்சா இது? பாமினி எழுத்துரு திரையில்தான் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. யூனிகோடில்தான் தமிழ் எழுத்து உள்ளேயும் தமிழாகவே இருக்கும். ஊர்ப் பேரோடு 'அசனப் பண்டிகை' (சபை விருந்து) என்று கூகுளில் தேடினால் அந்தத் தாள் வராது. பார்வையில்லாத சபையார் போனில் வாசிக்கவிட்டால் ஆங்கில எழுத்துகளாக உளறும்.

தேரிக்காடு: பிடிஎஃப்புக்குள்ளேயே எழுத்துரு பதிந்திருக்கு. எந்த போன்லயும் பிசகாமல் தெரியும். ஆராதனை எத்தனை மணிக்கு, எந்தப் பாமாலை, திருவிருந்து உண்டா, சபையார் பார்க்கிறது இவ்வளவுதான். யார் உட்கார்ந்து தேடுறாங்க?

ஒலிமுகம்: ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவர் தேடுவார். கல்யாணத்துக்கு வெளியூரிலிருந்து வருகிறவர் தேடுவார். கண்ணுக்குத் தெரிவது வேறு, தேடினால் கிடைப்பது வேறு. அந்தப் பிடிஎஃப்பில் ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்க பிரதர்.

குருத்தோலை: யூனிகோடு பிடிஎஃப்பிலும் நகலெடுத்தால் பல நேரம் கொம்பும் காலும் இடம் மாறித்தான் வருகிறது. பிடிஎஃப் அச்சுக்கு இருக்கட்டும். ஆராதனை நேரத்தையும் வாசிப்புப் பகுதிகளையும் பக்கத்திலேயே எழுத்தாகப் போட்டால் என்ன?

தேரிக்காடு: சனிக்கிழமை ராத்திரி போதகர் ஐயர் பாட்டு எண்ணை மாத்துவார். அதுக்கப்புறம் பாமினியை யூனிகோடாக்குற கன்வர்ட்டரில் போட்டா மின்னஞ்சல் முகவரி, ஜூம் லிங்க் எல்லாம் தமிழ்க் குப்பையாயிடும். விடிய விடிய யார் திருத்துறது? ஒலிமுகம் வருவாரா?

ஒலிமுகம்: ஆங்கிலத் துண்டுகளை முதலில் தனியாக எடுத்துவைத்துவிட்டு, மீதியை மட்டும் என்எச்எம் கன்வர்ட்டரில் போடணும். இதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம்? அதைவிட, முதலிலேயே யூனிகோடில் அடித்துவிட்டால் மாற்றுகிற வேலையே இல்லை. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு ஆகாது. லிப்ரே ஆபீஸில் பக்கம் அமைக்கலாம். இன்டிசைன் மென்பொருள் என்றால் பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்கணும், இல்லையென்றால் கொம்பு எழுத்தை விட்டுத் தனியாக நிற்கும். 'அச்சகம் பாமினி கேட்கும்' என்று அடுத்து வருவீர்கள். எழுத்துரு பதிந்த பிடிஎஃப் கொடுத்தால் அச்சகம் எதையும் கேட்காது.

மணிக்கூண்டு: பாமினியை விடுங்க. சில தளங்களில் முகப்பிலேயே அறுப்பின் பண்டிகைப் படம் பத்து, கேமராவிலிருந்து எடுத்தபடியே ஒவ்வொன்றும் 5 எம்பி. சிக்னல் இல்லாத ஊரில் அது எப்போது திறக்கும்? அகலத்தை 1600 பிக்சலாக்கி வெப்பி (WebP) என்ற பட வடிவில் சேமித்தால் பெரும்பாலும் 300 கேபிக்குள் அடங்கும்.

தேரிக்காடு: யாரைச் சொல்றீங்கன்னு தெரியுது. ஒலிமுகம் பார்க்கிற தளம் 'பாதுகாப்பற்றது'ன்னு சிவப்பாக் காட்டினப்போ மணிக்கூண்டு எங்கே போயிருந்தார்?

ஒலிமுகம்: லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஆயுள் 90 நாளுக்கு மேல் கிடையாது. தளப் பெயருக்கு எந்த சர்வர் என்று சொல்லும் டிஎன்எஸ் வேறு சர்வரைக் காட்டிக்கொண்டிருந்தால் தானாகப் புதுப்பிக்கும்போது சரிபார்ப்பு தோற்கும். அது அன்றைக்கே சரியாகிவிட்டது. தளப் பெயரான டொமைனை முன்னாள் செயலாளரின் சொந்த மின்னஞ்சலில் பதிந்துவைத்திருக்கிற உங்கள் சேகரம் (போதகரின் பொறுப்பிலுள்ள சபை வட்டாரம்) இதைப் பேசக் கூடாது. கமிட்டி மாறிய பிறகு புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு யாருக்குப் போகும்? டாட் ஆர்க் (.org) பெயர் கைவிட்டுப் போனால் மீட்புக்காலம் 30 நாள், அதற்குத் தனிக் கட்டணம். அதையும் தாண்டினால் 5 நாளில் பெயர் விற்பனைக்கு வந்துவிடும். சூதாட்டக்காரன் வாங்கிப்போடுவான், சபைப் பேரில்.

தேரிக்காடு: சம்பளமில்லாம உழைச்ச மனுஷரை இதில் இழுக்காதீங்க.

ஒலிமுகம்: மனுஷரைச் சொல்லவில்லை, கணக்கைச் சொல்கிறேன். சேகரப் பேரில் ஒரு மின்னஞ்சல், கடவுச்சொல் இரண்டு பேரிடம், பத்து வருஷத்துக்கு முன்கூட்டியே கட்டலாம். சரி, அந்த வரியை ஒட்டிப் பார்த்தீங்களா இல்லையா?

குருத்தோலை: ஆராதனை நேரத்தை எழுத்தாகப் போடுவது பற்றி இதுவரை ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

தேரிக்காடு: பிடிஎஃப்பில் தமிழ் தெரியுது. இந்த ஞாயிறும் அதுதான் ஏறும்.