பூச்சி மாத்திரை கொடுத்து 3 வாரத்தில் மறுபடி அரிசி மாதிரி புழு

கேள்வி:
2 வயது நாய், எடை 14 கிலோ. பிராசிகுவான்டெல் 50, பைரான்டெல் எம்போனேட் 144, ஃபெபான்டெல் 150 மி.கி. சேர்ந்த மாத்திரை ஒன்று கொடுத்ததும் புழு நின்றது. மூன்றாம் வாரம் வாலடி முடியில் மறுபடி வெள்ளைத் துணுக்குகள். மலப் பரிசோதனையில் முட்டை இல்லை என்கிறார்கள். மருந்தை மாத்தணுமா? வீட்டில் பூனையும் இருக்கு.

பதில் 1:
மருந்தைக் குறை சொல்லுமுன் தெள்ளுப்பூச்சியைத் தேடுங்க. இது டிபிலிடியம் என்ற நாடாப்புழு, நீங்க பார்த்த துணுக்குகள் அதன் உடல் துண்டுகள். துணுக்கு புதிதாக விழும்போது நெளியும், காய்ந்தால் மஞ்சளாகி முடியில் ஒட்டிக்கும். நாய் தன் உடம்பைக் கடிக்கும்போது தெள்ளும் வயிற்றுக்குள் போயிடும். அதிலிருக்கும் இளம்புழு குடலில் வளர்ந்து துணுக்கு உதிர்க்க 2-3 வாரம். உங்க கணக்கோடு அப்படியே பொருந்துது. பிராசிகுவான்டெல் அன்றைக்குக் குடலில் இருப்பதைத்தான் கொல்லும், அடுத்த தெள்ளுக்குக் காவல் நிற்காது.

சோதிக்க: பேன் சீப்பால் வாலடியை வாரி, விழும் கறுப்புத் தூளை ஈரமான வெள்ளைத் தாளில் போடுங்க. செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் எச்சம். படுக்கைத் துணியை வெந்நீரில் துவைங்க. தெள்ளு மருந்து குறைந்தது 3 மாதம், வீட்டிலுள்ள எல்லா நாய் பூனைக்கும்.

பதில் 2:
டோஸும் குறைச்சல். இந்த மாத்திரை 10 கிலோவுக்கு ஒன்று. பிராசிகுவான்டெல் கிலோவுக்கு 5 மி.கி. என்றால் 70 வேணும், போனது 50. ஒன்றரை மாத்திரை கொடுக்கணும்.

முட்டை இல்லைன்னு வந்ததில் ஆச்சரியமில்லை. இந்தப் புழுவின் முட்டைகள் துணுக்குக்குள்ளேயே வெளியேறும், மலத்தைக் கரைசலில் கலந்து முட்டையை மிதக்கவிட்டுப் பார்க்கும் மிதவை முறையில் பெரும்பாலும் சிக்காது. ஒரு துணுக்கைச் சொட்டுத் தண்ணீரில் நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்தால் முட்டைகள் கொத்துக் கொத்தாகப் பைக்குள் இருக்கும். அடுத்த முறை துணுக்கையே சின்ன பாட்டிலில் எடுத்துப் போங்க.

பதில் 3:
ஐவர்மெக்டின் ஊசி போடலாம்னு யாராவது சொன்னால் கேட்காதீங்க. நாடாப்புழுவை அது தொடாது, கோலி வகை நாய்களில் சிலவற்றுக்கு உயிருக்கே ஆபத்து.

சளியும் ரத்தமுமாகக் கழிச்சல் இருந்தால் சாட்டைப்புழுவா என்று பாருங்க. தொற்றி ஏறக்குறைய 3 மாதம் வரை முட்டை வராது, வந்தாலும் விட்டு விட்டுத்தான். அதற்கு ஃபென்பென்டசோல் கிலோவுக்கு 50 மி.கி., உங்க நாய்க்கு தினம் 700, தொடர்ந்து 3 நாள். 3 வாரத்திலும் 3 மாதத்திலும் திரும்பக் கொடுக்கணும். ஈறு வெளுத்து மலம் தார் மாதிரி கறுத்தால் கொக்கிப்புழுவாக இருக்கலாம். மாத்திரை கொடுத்துட்டுக் காத்திருக்காம அன்றே மருத்துவரிடம் தூக்கிட்டுப் போங்க.

பதில் 4:
பூனை இருக்குன்னு சொன்னதால் ஒன்று: பெர்மெத்ரின் கலந்த நாய்த் தெள்ளு மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது, விஷம். நாய்க்குப் போட்டாலும் பூனை ஒட்டிப் படுக்கும் வீட்டில் வேண்டாம்.