பாண்ட் சோ மோட்டர் உறுமுகிறது: கொயில் கட்டுவதா, வயர் மாற்றுவதா?

மாங்குளம் பட்டறை:
வணக்கம். பாலை, முதிரை மரம் அறுக்கிற பாண்ட் சோ (பட்டை வாள் மெசின்). 2 குதிரைவலு சிங்கிள் பேஸ் மோட்டர். காலையில் ஒழுங்காக ஓடுகிறது. பின்னேரம் சுவிச்சைப் போட்டால் உறுமிக்கொண்டு நிற்கிறது, பிறகு பிரேக்கர் விழுகிறது. மோட்டரைத் தொடக்கிவிடுகிற ஸ்டார்ட் கப்பாசிற்றர் புதிது. பார்க்க வந்தவர் கொயில் முழுவதையும் கட்டவேண்டும், அதாவது செப்புக்கம்பியைப் புதிதாகச் சுற்றவேண்டும் என்கிறார். வீட்டு மெயினிலிருந்து கொட்டிலுக்கு 40 மீற்றர் வயர். என்ன செய்யலாம்?

வவுனியா கொயில்காரர்:
தம்பி, அவர் சொன்னது சரி. மோட்டர் சுற்றாமல் உறுமி நிற்கிற ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் கொயில் வெந்துகொண்டிருக்கும். அது சில செக்கன்கள் வேலை செய்வதற்கு மட்டும் செய்த கொயில். இப்போதே கட்டினால் ஓடும். இன்னும் போட்டு இழுத்தால், தொடர்ந்து ஓடவைக்கிற ரன் கொயிலும் சேர்ந்து போகும்.

ஒட்டுசுட்டான் வயர்மன்:
கொயில்காரர் அண்ணை, கருகிய கொயில் காலையில் மட்டும் எப்படி ஓடும்? பின்னேரம் தோட்டக்காரர் எல்லோரும் கிணற்று மோட்டர் போடுகிற நேரம். லைன் வோல்டேஜ் இறங்குகிறது. மோட்டரின் தொடக்க முறுக்கு, அதாவது சுற்றத் தொடங்கும் பலம், வோல்டேஜின் வர்க்கத்தோடு குறையும். 230 இருக்கவேண்டிய இடத்தில் 180 வந்தால் 61 வீதம்தான் மிஞ்சும். மாங்குளம் தம்பி, அந்த வயர் 1.5 சதுர மில்லிமீற்றராக இருந்தால் போய்வர 80 மீற்றர், கிட்டத்தட்ட 1 ஓம். தொடங்கும்போது 35, 40 அம்பியர் இழுக்கும். அவ்வளவு வோல்ட் வயரிலேயே போய்விடும். முதலில் மீட்டரை மோட்டர் முனையில் வைத்து, சுவிச் போடுகிற அந்த நொடியில் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அதற்குள் ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். பிரேக்கரைப் பெரிதாக்கி விடவும் வேண்டாம், வயர் எரியும்.

வவுனியா கொயில்காரர்:
காலையில் ஓடுவது கொயில் நல்லது என்பதற்குச் சாட்சி இல்லை, தம்பி. சுற்றுகளுக்கிடையில் இன்சுலேசன் பழுதானால் குளிர்ந்தபோது ஓடும், சூடேறினால் சோர்ட் ஆகும். காலை முழுக்க மெசினைப் போடாமல் வைத்துவிட்டு நேரே பின்னேரம் போட்டுப் பார்க்கட்டும். அப்போதும் உறுமினால் சூடு காரணமில்லை. இன்னொன்று, மோட்டரை நிறுத்தி வேகம் குறையும்போது உள்ளே ‘டக்’ என்று சத்தம் வரவேண்டும். வராவிட்டால், வேகம் ஏறியதும் ஸ்டார்ட் கொயிலை வெட்டிவிடுகிற சென்ரிபியூகல் சுவிச் ஒட்டியிருக்கிறது, அல்லது மரத்தூள் அடைத்திருக்கிறது.

முறிகண்டி தச்சன்:
பெல்ட்டைக் கழற்றிவிட்டும் போட்டுப் பாருங்கள். வாளின் இறுக்கம் கூடினாலோ, மேல் சில்லின் பெயரிங் இறுகினாலோ இதே உறுமல்தான். கப்பாசிற்றரைத் தொடுமுன் அதிலுள்ள கறண்டை ஒரு பல்ப் வைத்து இறக்குங்கள்.

மாங்குளம் பட்டறை:
எல்லாம் செய்தேன். காலையில் மெசினைத் தொடவில்லை. பின்னேரம் போட்டபோது அதே உறுமல். பெல்ட் இல்லாமல் மெல்ல இழுபட்டுச் சுற்றியது, நிறுத்தும்போது ‘டக்’ கேட்டது. சும்மா நிற்கும்போது மெயினில் 205 வோல்ட். சுவிச் போட்டதும் மெயினில் 190, மோட்டரில் 155. வயர் 1.5 தான்.

ஒட்டுசுட்டான் வயர்மன்:
அப்போ 35 வோல்ட் உங்கள் சொந்த வயரில் போகிறது. 4 சதுர மில்லிமீற்றர் வயர் போடுங்கள், இழப்பு 15 வோல்ட் அளவுக்கு இறங்கும். மெயினில் 205 என்பது மின்சார சபை திருத்தவேண்டியது. 230 இலிருந்து இவ்வளவு இறங்கக் கூடாது. நேரம் குறித்து, மீட்டரைப் படம் எடுத்து எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். அயலிலுள்ள தோட்டக்காரரையும் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள்.

வவுனியா கொயில்காரர்:
வயரை மாற்றட்டும், அதில் மறுப்பில்லை. ஆனால் இத்தனை நாள் வெந்த கொயிலை நம்பிப் பாலை அறுக்க நான் விடமாட்டேன். மாற்றிய பிறகு பெல்ட் இல்லாமல் ஓடவிட்டு, வயரைக் கவ்விப் பிடித்து அளக்கிற கிளாம்ப் மீட்டரில் அம்பியர் பாருங்கள். மோட்டர் தகட்டில் எழுதியிருக்கிற அளவை வெறும் ஓட்டத்திலேயே தாண்டினால் அதைக் கழற்றிக் கொண்டுவாருங்கள்.

மாங்குளம் பட்டறை:
சரி அண்ணை. முதலில் வயர், பிறகு அம்பியர். கிளாம்ப் மீட்டர் இரவல் கேட்டிருக்கிறேன்.